புழுக்களும் புதர்க்காட்டு மருந்துகளும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில், ஏரிகளும் நஞ்சை நிலங்களும் புதர்க்காடுகளும் அடுத்தடுத்து அமைந்த சமவெளியில் இருக்கிறது வல்லக்கோட்டை. முருகன் கோயிலுக்காகவே நெடுங்காலம் அறியப்பட்டிருந்த இவ்வூரைச் சுற்றி, ஒரு தலைமுறைக் காலத்துக்குள் நாட்டின் பெரிய தொழிற்பகுதிகளுள் ஒன்று எழுந்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் நிறுவனத்தின் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்தது. 2017இல் வல்லம்–வடகாலில் ராயல் என்ஃபீல்டு தன் ஆலையைத் திறந்தது. இந்த நிலத்தின் பழைய குடிகளுள் இருளர்களும் அடங்குவர். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் ஏரிக்கரைகளிலும் காட்டோரங்களிலும் வாழும் இவர்கள், அரசால் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று வகைப்படுத்தப்பட்டவர்கள்; பாம்பும் எலியும் பிடிப்பதிலும், கிழங்கும் தேனும் எடுப்பதிலும், மூலிகைகளை அடையாளம் காண்பதிலும் தேர்ந்தவர்கள்.

பழங்குடிகளின் மூலிகை அறிவில் குடற்புழுக்களுக்கான மருந்துகள் தனி இடம் பெறுகின்றன. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் 'வயிற்றுப் பூச்சி' என்று பொதுவாகச் சொல்லப்படும் இப்புழுக்கள், பெரும்பாலும் வெறுங்காலுடன் மண்ணில் நடப்பவர்களையும் கழிப்பறை இல்லாத குடியிருப்புகளில் வாழ்பவர்களையும் பற்றுவதால், அவற்றுக்கான மருந்தைத் தேடும் தேவையும் அந்த மக்களிடமே மிகுந்திருந்தது. அவர்கள் கண்டறிந்த செடிகள் எவை, அவை புழுவின் உடலில் என்ன செய்கின்றன, மனித உடலில் என்ன செய்யக்கூடும், அந்த அறிவை இன்றைய அறிவியல் எவ்வாறு அணுக வேண்டும் என்பவற்றை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

மண்ணிலிருந்து குடலுக்கு

மண் வழியே பரவும் குடற்புழுக்களில் மூன்று வகைகள் முதன்மையானவை: ஊரில் நாக்குப்பூச்சி என்றழைக்கப்படும் உருளைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு. உலகில் ஏறத்தாழ 150 கோடிப் பேரின் உடலில் இவற்றுள் ஏதேனும் ஒன்றாவது வாழ்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஒரு பெண் உருளைப்புழு 20 முதல் 35 சென்டிமீட்டர் வரை வளர்ந்து, நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டைகள் வரை இடுகிறது. மலத்துடன் வெளியேறும் அம்முட்டைகள் ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிருடன் கிடந்து, கழுவாத கை வழியாகவோ காய்கறி வழியாகவோ மீண்டும் ஒரு வயிற்றை அடைகின்றன.

கொக்கிப்புழு வாய்வழியாக வரக் காத்திருப்பதில்லை. அதன் முட்டை மண்ணிலேயே பொரிந்து, ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் தொற்றும் திறனுள்ள இளம்புழுவாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்குச் சென்று, அங்கிருந்து மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைகிறது. குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும் இப்புழுக்களில் நெகேட்டர் என்னும் இனம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் இரத்தத்தையும், ஆன்கிலோஸ்டோமா என்னும் இனம் அதைப்போல் ஐந்து மடங்கையும் இழக்கச் செய்கின்றன. ஒன்றிரண்டு புழுக்களால் பெரிய தீங்கில்லை. நூறு புழுக்கள் மாதக்கணக்கில் தங்கும்போது, ஏற்கெனவே இரும்புச்சத்துக் குறைந்த உணவை உண்ணும் ஒரு கருவுற்ற பெண்ணுக்கோ வளரும் குழந்தைக்கோ அது கடுமையான இரத்தசோகையாக மாறுகிறது.

இப்புழுக்களின் வாழ்க்கையில் மருத்துவத்துக்கு மிக இன்றியமையாத உண்மை ஒன்று உண்டு. நோய் நுண்ணுயிர்களைப் போல இவை மனித உடலுக்குள்ளேயே பெருகுவதில்லை. குடலில் எத்தனை புழுக்கள் உள்ளன என்பது, எத்தனை முறை மண்ணிலிருந்து புதிய முட்டையோ இளம்புழுவோ உள்ளே நுழைந்தது என்பதைப் பொறுத்தது. ஆகவே எந்த மருந்தாலும், அது காட்டுச் செடியானாலும் ஆலை மாத்திரையானாலும், அன்றைய சுமையைத்தான் குறைக்க முடியும். மண் மாறாதவரை சுமை மீண்டும் ஏறும். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ குழந்தைகளுக்குப் பேதிக்குக் கொடுக்கும் பழைய வழக்கம், இந்த மறுதொற்றின் சுழற்சியைப் பட்டறிவால் உணர்ந்து வகுக்கப்பட்டதாகவே தோன்றுகிறது.

பழங்குடிகளின் பூச்சி மருந்துகள்

தமிழ்நாட்டின் பல பழங்குடிகளிடையே தாவரவியலாளர்கள் தொகுத்த பதிவுகளில், புழுக்களுக்கு எதிரான செடிகளாகச் சில பெயர்கள் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. அவற்றில் எளிதில் கிடைப்பது குப்பைமேனி. வீட்டோரத்திலும் வரப்பிலும் மழைக்குப் பின் தானாக முளைக்கும் இச்சிறு செடியின் இலையைப் பூண்டுடன் சேர்த்து அரைத்தோ, சாறு பிழிந்தோ, கஷாயமாக்கியோ குழந்தைகளுக்குக் கொடுப்பது பரவலான வழக்கம். வேம்பின் கொழுந்தும், ஆமணக்கின் விதையிலிருந்து எடுக்கப்படும் விளக்கெண்ணெயும் இதற்குத் துணையாகின்றன. இவற்றுள் விளக்கெண்ணெய் புழுவைக் கொல்வதில்லை. மருந்தால் மயங்கிய புழு மீண்டும் தெளிந்து குடற்சுவரைப் பற்றிக்கொள்வதற்குள் அதை வெளியே தள்ளுவதே அதன் வேலை.

வறண்ட காடுகளிலும் திறந்த சமவெளிகளிலும், இலையுதிர்ந்த கிளைகளில் செந்நிறப் பூக்களுடன் நிற்கும் புரசு என்னும் பலாசு மரத்தின் தட்டையான விதைகள், பழங்குடி மருத்துவத்திலும் சித்த மருத்துவத்திலும் ஒருசேர மதிக்கப்படுபவை. சித்த மருத்துவத்தில் குடற்புழுவுக்குத் தரப்படும் முருக்கன் விதை மாத்திரைக்கு அடிப்படை இவ்விதையே. இதிலிருந்து இந்திய வேதியியலாளர்கள் 1960களில் பலாசோனின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். கோழியின் குடலில் வாழும் உருளைப்புழுவிடம் நடத்தப்பட்ட சோதனைகளில், பலாசோனின் புழு குளுக்கோஸ் உறிஞ்சுவதைத் தடுத்து, அதன் உடலில் சேமிக்கப்பட்டிருந்த கிளைகோஜென் என்னும் மாவுப்பொருளையும் தீர்த்துவிடுவது தெரியவந்தது. உணவுக் கடலில் மிதந்துகொண்டே புழு பட்டினியால் சாகிறது என்பது இதன் பொருள்.

மலைப்பகுதிகளின் பூச்சி மருந்தாக அறியப்படும் வாய்விடங்கம், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறும் கொடி போன்ற புதர்ச்செடி. மிளகை ஒத்த அதன் காய்களைப் பொடித்து வெறும் வயிற்றில் தந்து, பின்னர் பேதிக்கும் கொடுப்பர். எம்பெலின் என்னும் பொன்னிறப் பொருளே இதன் முதன்மை வேதிப்பொருள். இந்தியா முழுவதிலும் மருந்துக் கடைகளின் தேவைக்காகப் பெருமளவில் பறிக்கப்படுவதால் இச்செடி அரிதாகி வருகிறது. சந்தையில் அதே இனக்குழுவின் வேறொரு செடியின் காய் அதன் பெயரிலேயே விற்கப்படுவதும் வழக்கமாகிவிட்டது.

கபிலப்பொடி இவற்றுள் வரலாற்றுச் சிறப்பு மிக்கது. கபில மரத்தின் சிறு காய்களின் மேல் படிந்திருக்கும் செந்நிறத் தூளைத் துலக்கி எடுத்து, நாடாப்புழுவுக்கு மருந்தாகவும் பட்டுக்குச் சாயமாகவும் பயன்படுத்தினர். தானே பேதியையும் உண்டாக்குவதால் இதற்குத் தனியாக விளக்கெண்ணெய் தேவைப்படுவதில்லை. இதன் செயற்பொருளான ராட்லெரின், தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளராக வந்து, தென்னிந்தியத் தாவரங்களைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தி, தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றையும் தொகுத்து, 1836இல் சென்னையில் மறைந்த ஜான் பீட்டர் ராட்லரின் பெயரைத் தாங்கியுள்ளது. காய்களைக் காட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மக்களின் பெயர்கள் எந்த வேதிப்பொருளிலும் இடம்பெறவில்லை.

இம்மருந்துகளின் தொகுதி அப்படியே உறைந்து நின்ற ஒன்றன்று. பப்பாளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே இந்தியா வந்தது. ஆயினும் அதன் விதையும் பாலும் இன்று நாட்டுப்புற, பழங்குடிப் பூச்சி மருந்துகளில் நிலையாக இடம்பிடித்துவிட்டன. புதிதாக வந்த ஒரு மரத்தைச் சுவைத்து, முகர்ந்து, விலங்குகள் அதை எப்படி நடத்துகின்றன என்று கவனித்து, சிறிதளவு கொடுத்துப் பார்த்து, விளைவை நினைவில் வைத்து அடுத்த தலைமுறைக்குச் சொல்வதும் ஆய்வுதான். ஏட்டில் எழுதப்படாத காரணத்தால் அதை ஆய்வன்று என்று தள்ளிவிட முடியாது.

செடி புழுவை வெல்லும் வழிகள்

புழுக்களை எதிர்க்கும் வேதிப்பொருள்களைச் செடிகள் மனிதருக்காக உருவாக்கவில்லை. வேரைத் தாக்கும் மண்வாழ் புழுக்கள், குறிப்பாக நூற்புழுக்கள் எனப்படும் நுண்ணிய உருளைப்புழு உறவினங்கள், இலையைத் தின்னும் பூச்சிகள், மேயும் விலங்குகள் ஆகியவற்றிடமிருந்து ஓடித் தப்பிக்க இயலாத தாவரம், கசப்பும் நஞ்சும் கொண்டு தன்னைக் காத்துக்கொள்கிறது. அந்த நஞ்சு மனிதக் குடலில் உள்ள புழுவையும் தாக்குவது, உயிரினங்களின் உடல் இயக்கங்கள் அடித்தளத்தில் ஒத்திருப்பதால் நிகழும் விளைவு.

இத்தாக்குதல் பல வகைப்படும். புரசு விதையின் பொருள் புழுவின் ஆற்றல் வழங்கலைத் தடுக்கிறது. மாதுளை வேர்ப்பட்டையில் உள்ள பெல்லட்டியரின் என்னும் காரப்பொருள் நாடாப்புழுவின் தசையைச் செயலிழக்கச் செய்வதால், புழு தன் பிடியை விடுகிறது. பிரெஞ்சு வேதியியலாளர் சார்ல் தான்ரே 1878இல் இதைப் பிரித்தெடுத்தார். பப்பாளிப் பாலில் உள்ள புரதச் சிதைப்பு நொதிகள், புழுவைக் குடலின் செரிமானச் சாறுகளிலிருந்து காக்கும் புறத்தோலையே கரைத்துவிடுகின்றன. இந்தக் கடைசி வழி ஆய்வாளர்களைப் பெரிதும் ஈர்த்துள்ளது. ஏனெனில் இன்று பயன்பாட்டில் உள்ள எந்த மாத்திரையும் இவ்வழியில் செயல்படுவதில்லை.

மனிதர் மட்டுமே இந்த மருந்துகளைத் தேடவில்லை என்பதற்குத் தான்சானியாவின் மஹாலே மலைகளிலிருந்து ஒரு வலுவான சான்று கிடைத்தது. சோர்ந்து நோயுற்றிருந்த சிம்பன்சிகள், வழக்கமாக உண்ணாத வெர்னோனியா அமிக்டலினா என்னும் செடியின் தண்டைத் தோலுரித்து அதன் கசப்புச் சாற்றை மட்டும் உறிஞ்சுவதை, 1980களின் இறுதியில் ஆய்வாளர் மைக்கேல் ஹஃப்மன் ஆய்வு செய்தார். அந்தச் செடி வயிற்றுப் புழுவுக்கு மருந்து என்பதை அங்குள்ள தொங்வே பழங்குடியினர் முன்பே அறிந்திருந்தனர். அவர்களுள் ஒருவரே ஹஃப்மனின் ஆய்வுத் துணைவராகவும் இருந்தார். அதே வெர்னோனியா இனத்தில் நெடுங்காலம் சேர்த்து எண்ணப்பட்டிருந்த காட்டுச்சீரகத்தின் விதை, தமிழ் மருத்துவத்திலும் புழுக்களுக்கே தரப்படுகிறது. கடலால் பிரிந்த இரு நிலங்களில், ஒருவரையொருவர் அறியாத மக்கள் ஒரே தாவரக் குடும்பத்தில் ஒரே பயனைக் கண்டறிவது, அந்தப் பயன் கற்பனையாக இருக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

மருந்தும் நஞ்சும் ஒரே இலையில்

இயற்கையில் கிடைப்பதால் தீங்கு செய்யாது என்னும் நம்பிக்கை, இந்தத் துறையில் உயிரைப் பறிக்கக்கூடியது. ஆடுகள்கூட வாய்வைக்காத ஆடுதீண்டாப்பாளை, வறண்ட கரம்புகளிலும் வயலோரங்களிலும் தரையோடு படரும் சிறு கொடி. அதன் இலைச்சாறு வலுவான பூச்சி மருந்தாகப் பல பகுதிகளில் பயன்பட்டு வந்துள்ளது. இக்கொடி சேர்ந்த அரிஸ்டலோக்கியா இனத்தின் செடிகளில் அரிஸ்டலோக்கிக் அமிலம் உள்ளது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலிவதற்காகத் தரப்பட்ட மருந்தில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக இந்த இனத்தின் வேறொரு செடி தவறுதலாகக் கலந்துவிட, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. பின்னாளில் அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் தோன்றியது. இந்த அமிலம் மரபணுப் பொருளுடன் நேரடியாகப் பிணைந்து நிலையான மாற்றங்களை உண்டாக்குவதே காரணம். அரிஸ்டலோக்கியா கலந்த மூலிகை மருந்துகளைப் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2002இல் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. பாம்புக்கடிக்குப் பெயர்பெற்ற ஈஸ்வரமூலியும் இதே இனத்தைச் சேர்ந்தது.

வேப்ப எண்ணெயின் கதையும் கவனத்துக்குரியது. மலேசியாவில் வாழும் இந்தியக் குடும்பங்களில், சிறு உபாதைகளுக்காக வேப்ப எண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் வாந்தி, மயக்கம், வலிப்பு ஆகியவற்றுடன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டதையும், அவர்களின் கல்லீரல் பாதிக்கப்பட்டிருந்ததையும் அந்நாட்டு மருத்துவர்கள் 1981இல் தி லான்செட் இதழில் அறிவித்தனர். இலங்கையில், குப்பைமேனி சேர்த்துச் செய்த கஞ்சியை உண்டபின் சிலருக்குச் சிவப்பணுக்கள் திடீரெனச் சிதைந்தது 1996இல் பதிவானது. அவர்களுக்கு ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக இருந்தது. சிவப்பணுவை வேதித் தாக்குதலிலிருந்து காக்கும் இந்த நொதியின் குறைபாடு இந்தியப் பழங்குடிக் குழுக்கள் பலவற்றிலும் காணப்படுகிறது என்பதால், அவ்வறிக்கையின் எச்சரிக்கை தமிழ்நாட்டுக்கும் பொருந்தும்.

ஆகவே பழங்குடி வைத்தியரின் அறிவைச் செடியின் பெயராகச் சுருக்கிவிடுவது பெரும் பிழை. எந்தச் செடியின் எந்தப் பகுதி, எந்தப் பருவத்தில் பறித்தது, எவ்வளவு, எந்த வயதினருக்கு, எதனுடன் சேர்த்து, எத்தனை நாட்கள், என்ன பத்தியம், கருவுற்றவளுக்கு எதைத் தரக்கூடாது என்னும் கட்டுப்பாடுகள் அனைத்தும் சேர்ந்ததே மருந்து. இவற்றை நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, கைப்பேசிக் காணொளியைப் பார்த்து இலை பறிக்கும் நகரவாசி கையில் எஞ்சுவது நஞ்சு மட்டுமே. அதே வேளையில், உடனே வெளிப்படும் வாந்தியையும் மயக்கத்தையும் அனுபவத்தால் அறிந்து தவிர்க்க முடியுமே தவிர, இருபது ஆண்டுகள் கழித்துத் தோன்றும் சிறுநீரகப் பழுதை எந்த மரபும் ஓர் இலையோடு தொடர்புபடுத்திக் கண்டிருக்க இயலாது. அதைக் காணும் கருவி ஆய்வகத்திடம்தான் இருக்கிறது. இரண்டு அறிவுகளும் ஒன்றையொன்று நாட வேண்டியதன் காரணம் இதுவே.

ஓமத்திலிருந்து உலக இயக்கம் வரை

தாவர மருந்து முறையான சோதனைக்கும் கண்டிப்பான அளவுக்கும் உட்பட்டால் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஓமம் ஒரு சான்று. இத்தாலிய மருத்துவர் ஆஞ்செலோ துபினி 1838இல் மிலான் நகரில் கொக்கிப்புழுவை முதன்முதலாகக் கண்டார். 1880இல் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து செயின்ட் கோத்தார்ட் சுரங்கப்பாதை அமைத்த தொழிலாளர்களிடையே பரவிய கொடிய சோகைக்கு அப்புழுவே காரணம் என்பது தெளிவானது. ஏறத்தாழ அக்காலத்தில் அதற்கு மருந்தாகத் தைமால் என்னும் பொருள் பயன்பாட்டுக்கு வந்தது. தைமாலை மிகுதியாகத் தருவது இந்திய ஓமம். முதல் உலகப் போருக்கு முன்பு ஓம விதை இந்தியாவிலிருந்து பெருமளவில் ஜெர்மனிக்கு ஏற்றுமதியாகி, அங்கே தைமாலாக வடிக்கப்பட்டது.

1909இல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் செல்வந்தர் ராக்கஃபெல்லரின் நிதியுடன் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தின் முதன்மை மருந்து தைமாலே. நோயாளியை முதல் நாள் குறைவாக உண்ணச் செய்து, பேதியுப்புக் கொடுத்து, மறுநாள் காலை வெறும் வயிற்றில் தைமால் தந்து, மீண்டும் பேதியுப்புக் கொடுப்பர். தைமால் எண்ணெயிலும் மதுவிலும் கரைந்து உடலுக்குள் உறிஞ்சப்பட்டால் நஞ்சாகும் என்பதால், அன்று எண்ணெயும் மதுவும் அறவே விலக்கப்பட்டன. இந்த ஒழுங்கில் பழங்குடி வைத்தியரின் வெறும் வயிறு, பேதி, பத்தியம் ஆகிய மூன்றும் அப்படியே இருப்பதைக் காணலாம். கூடுதலாக இருந்தவை எடையிட்ட அளவும், மருந்துக்கு முன்னும் பின்னும் மலத்தை நுண்ணோக்கியில் பார்த்து முட்டைகளைத் தேடிய சோதனையும். அந்த இயக்கம் கழிப்பறை கட்டுவதையும் காலணி அணிவதையும் மருந்துக்கு இணையாக வலியுறுத்தியது.

இன்றைய மாத்திரையும் அதன் எல்லையும்

இன்று இந்தியக் குழந்தைகளுக்குத் தரப்படும் மருந்து ஆல்பெண்டசோல். 2015 பிப்ரவரியில் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள் திட்டத்தின்கீழ், 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் இது இலவசமாகத் தரப்படுகிறது. இரண்டு வயது நிறைந்தவர்களுக்கு அளவு 400 மில்லிகிராம். புழுவின் உயிரணுக்களுக்குள் சாரமாகவும் போக்குவரத்துப் பாதையாகவும் அமைந்த நுண்குழல்கள் உருவாவதைத் தடுத்து, குளுக்கோஸ் எடுக்க முடியாமல் அதைச் சாகச் செய்வது இம்மருந்தின் வழி. மலிவானது, அளவு உறுதியானது, பாதுகாப்பானது என்பதால், குழந்தைக்குப் பூச்சித் தொல்லை என்றால் முதலில் நாட வேண்டியது இதுவே. இதற்கு மாற்றாக வீட்டில் அரைத்த இலையைப் பரிந்துரைக்க எந்தச் சான்றும் இல்லை.

ஆயினும் இம்மருந்துக்கும் எல்லை உண்டு. ஒரே ஒரு வேளை ஆல்பெண்டசோல் உருளைப்புழுவை ஏறத்தாழ 95 விழுக்காட்டினரிடமும் கொக்கிப்புழுவை 80 விழுக்காட்டினரிடமும் நீக்குகிறது; சாட்டைப்புழுவிடமோ அது ஏறத்தாழ 30 விழுக்காட்டினரிடமே வெற்றி பெறுகிறது. ஆடு மாடுகளில் இதே வகை மருந்துகள் பல ஆண்டுகளாகத் தாராளமாகப் பயன்பட்டதால், ஆட்டின் இரைப்பையில் இரத்தம் குடிக்கும் ஹீமோங்கஸ் என்னும் புழு உலகின் பல பகுதிகளில், தமிழ்நாடு உட்பட, எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டது. மனிதப் புழுக்களிலும் அது நிகழலாம் என்னும் கவலையால், புதிய வழியில் செயல்படும் பொருள்களை ஆய்வாளர்கள் தேடுகின்றனர். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வேம்பு, தும்பை, பாகற்காய், வாழைத்தண்டு போன்றவற்றைக் கொண்ட மரபுவழிக் குடற்புழு நீக்க முறைகளைக் கால்நடைகளுக்குப் பரப்பிவருவது இந்தச் சூழலில்தான்.

செடிகளில் இத்தகைய பொருள்களைத் தேடுவதில் பிரச்சினை சோதனையின் தரத்தில் இருக்கிறது. இந்தியாவில் வெளிவரும் பூச்சி மருந்துச் செடி ஆய்வுகள் பலவற்றில், வயல் மண்ணிலிருந்து எடுத்த மண்புழுவைச் செடிச்சாற்றில் இட்டு, அது எத்தனை நிமிடங்களில் அசைவற்றுச் சாகிறது என்று கணக்கிடுவதே முழுச் சோதனையாக அமைகிறது. மண்புழு வளையப்புழுத் தொகுதியைச் சேர்ந்தது. உருளைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் அது மிகத் தொலைவான உறவே. மேலும் கிண்ணத்தில் இருக்கும் சாற்றின் செறிவு மனிதக் குடலில் ஒருபோதும் கிட்டாது. பழங்குடி அறிவுக்கு இத்தகைய சோதனை எந்த மதிப்பையும் கூட்டுவதில்லை.

நல்ல சோதனை எப்படி இருக்கும் என்பதற்கு நைஜீரியாவில் நடந்து 2007இல் வெளியான ஒரு சிறு ஆய்வைக் காட்டலாம். குடல் ஒட்டுண்ணிகள் இருந்த 60 குழந்தைகளில் பாதிப் பேருக்கு உலர்ந்த பப்பாளி விதைத்தூள் கலந்த தேனும், மறுபாதிப் பேருக்கு வெறும் தேனும் தந்து, ஒரு வாரம் கழித்து மலத்தைச் சோதித்தபோது, முதல் குழுவில் நான்கில் மூன்று பங்கினரும் இரண்டாம் குழுவில் ஆறில் ஒரு பங்கினரும் தொற்று நீங்கியிருந்தனர். எண்ணிக்கை சிறிது என்பதால் இது முடிந்த முடிவாகாது. ஆனால் கேள்வி சரியானது, ஒப்பீடு நேர்மையானது. தமிழ்நாட்டிலேயே, திமிரி வட்டாரத்திலும் மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஜவ்வாது மலையிலும், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் டீவார்ம்3 என்னும் பன்னாட்டு ஆய்வை நடத்தினர்; குழந்தைகளுக்கு மட்டும் மருந்து தருவதையும் ஊரார் அனைவருக்கும் தருவதையும் ஒப்பிட்டு, புழுவின் பரவலையே நிறுத்த முடியுமா என்று அது ஆராய்ந்தது. பழங்குடி ஊர்களுக்குள் சென்று, மக்களின் ஒப்புதலுடன், பல்லாயிரம் மாதிரிகளைச் சோதிக்கும் திறன் இம்மாநிலத்துக்கு உண்டு என்பதை அது மெய்ப்பித்துவிட்டது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் வல்லக்கோட்டையிலிருந்து தொலைவில் இல்லை. புரசு விதையையும் கபிலப்பொடியையும் அதே கண்டிப்புடன் சோதிக்க இங்கே நிறுவனக் குறை எதுவும் இல்லை.

அறிவுக்கு உரியவர்கள்

இந்தச் சோதனை யாருடன் சேர்ந்து, யாருடைய நன்மைக்காக நடக்க வேண்டும் என்பதற்கு விடை, இருளர்களின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தையும் அதைத் தொடர்ந்து வந்த பாம்புத்தோல் வணிகத் தடையையும் அடுத்து, பாம்பு பிடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த இருளர்கள் வாழ்வாதாரம் இழந்தபோது, 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. வடநெம்மேலியில் இயங்கும் இச்சங்கத்தின் உறுப்பினர்கள், அரசின் உரிமத்துடன் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, சில வாரங்கள் வைத்து நஞ்சை எடுத்தபின் மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்த நஞ்சே நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருளாகிறது. இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நஞ்சை மருந்தாக்கும் அறிவு அளவிடப்பட்டு, உரிமம் பெற்று, கூலியும் மதிப்பும் ஈட்டித்தர முடியும் என்பதை இச்சங்கம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நிரூபித்துவருகிறது.

தாவர அறிவுக்கு இத்தகைய ஏற்பாடு இன்னும் முழுமையாக அமையவில்லை. செங்கல்பட்டுக்கு அருகில் தண்டரையில் இயங்கும் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம், மூலிகைகளை வளர்த்தும் மருந்துகள் செய்தும் இத்திசையில் 1986 முதல் உழைத்துவருகிறது. கேரளத்தின் காணிப் பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்னும் செடியிலிருந்து திருவனந்தபுரத்து ஆய்வு நிறுவனம் உருவாக்கிய மருந்தின் வருவாயில் ஒரு பங்கு அச்சமூகத்துக்கு அளிக்கப்பட்டதும், 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டம் பயன் பகிர்வைச் சட்டக் கடமையாக்கியதும் வழிகாட்டிகள். ஆனால் பங்கு பெறும் முன் அறிவு உயிருடன் இருக்க வேண்டும். அறிவு உயிருடன் இருக்க, செடி வளரும் நிலமும் அங்கே நடமாடும் உரிமையும் வேண்டும்.

வல்லக்கோட்டைச் சமவெளியில் அந்த நிலம் வேகமாகச் சுருங்குகிறது. உலக்கைப்பாலையும் காயாவும் வளரும் சோழமண்டலக் கடலோரச் சமவெளியின் வறண்ட பசுமைமாறாக் காடுகள் ஏற்கெனவே சிறு துண்டுகளாகிவிட்டன. மேய்ச்சல் தரையும் ஏரிக்கரையும் மனைகளாகவும் ஆலை மதில்களாகவும் சாலைகளாகவும் மாறுகின்றன. செங்கல் சூளைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் வேலைக்குச் சென்ற இருளர் குடும்பங்கள் பல, கடனுக்குப் பிணைக்கப்பட்டு ஊரும் காடும் இழந்தன; அங்கே வளர்ந்த குழந்தைகள் பாட்டியுடன் காடு சுற்றிச் செடி கற்கும் வாய்ப்பைப் பெறவில்லை. பட்டா இல்லாத ஏரிப் புறம்போக்குக் குடியிருப்பில் கழிப்பறை கட்டுவதும் எளிதன்று. இவ்வாறு, புழுவுக்கு மருந்து அறிந்த மக்களே புழு பெருகும் மண்ணில் விடப்பட்டு, மருந்து முளைக்கும் மண்ணை இழந்துவருகின்றனர்.

எனவே செய்ய வேண்டியவை தெளிவானவை. இருளர் குடியிருப்புகளுக்குப் பட்டாவும் குடிநீரும் கழிப்பறையும் கிடைத்தால்தான் மண்ணிலிருந்து குடலுக்குச் செல்லும் பாதை அடைபடும்; பள்ளிக்கு வராத சூளைக் குழந்தைகளையும் ஆல்பெண்டசோல் சென்றடைய வேண்டும்; தொழிற்பூங்காக்களின் பசுமைப் பரப்பில் அயல்நாட்டு அலங்காரச் செடிகளுக்கு மாற்றாகப் புரசும் கபிலமும் உலக்கைப்பாலையும் நடப்பட்டு, அவற்றைப் பேணும் பணி, தகுந்த ஊதியத்துடன், அவற்றை அறிந்த இருளர்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்; மூத்த வைத்தியர்களின் அறிவு, அளவும் பத்தியமும் எச்சரிக்கையும் சேர்ந்த முழு வடிவில், அவர்களின் ஒப்புதலுடனும் பெயருடனும் பதிவாகி, உரிய ஆய்வகங்களில் புழுக்களிடமே சோதிக்கப்பட வேண்டும். சோதனையில் தோற்கும் செடிகளையும் தீங்கு செய்யும் செடிகளையும் அம்மக்களிடமே முதலில் நேர்மையாகச் சொல்வதும் அக்கடமையின் பகுதி. பாம்பின் நஞ்சுக்கு வடநெம்மேலியில் செய்ய முடிந்ததை, செடியின் நஞ்சுக்கு வல்லக்கோட்டையில் செய்ய முடியும்.